சிவப்பு எழுத்தைப் பார்த்து ஓடாதீங்க

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை தம்பி பேத்தி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கம்மாபுரம் வீட்டுக்கு வந்தாள். பி.சி.ஏ. இரண்டாம் ஆண்டு. அவள் அப்பாவுக்கு விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை வேலை. சூளைக்குள் எத்தனை போனது, எத்தனை விரிசல் விட்டது என்று கணக்கு வைக்க ஒரு மொபைல் ஆப் செய்வதாகக் கல்லூரியில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். இதுவரை ஒரு வரி எழுதவில்லை. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவை மூன்று முறை அழித்து, மூன்று முறை ஏற்றிப் பார்த்துவிட்டாள். மூன்று முறையும் சிவப்பு எழுத்துதான்.

"தமிழ் மீடியத்துல படிச்ச எனக்கு இதெல்லாம் வராது தாத்தா. வேற ப்ராஜெக்ட் கேக்கப் போறேன்" என்றாள். குரல் உடைந்துவிட்டது.

நான் கணக்கு வாத்தியார். எனக்கு ஆப் எழுதத் தெரியாது. பெங்களூரில் வேலை செய்யும் பழைய மாணவன் ஒருவனுக்குப் போன் போட்டேன். அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "சார், முதல் சிவப்பு வரியை அப்படியே படிங்க."

படித்தோம். எஸ்டிகே இருக்கும் பாதையில் ஆஸ்கி அல்லாத எழுத்துகள் இருக்கின்றன என்று இருந்தது. ஆஸ்கி என்பது 1963-இல் அமெரிக்காவில் வகுத்த எழுத்துப் பட்டியல். மொத்தம் 128 இடம்தான். அதில் தமிழ் கிடையாது. எஸ்டிகே வழக்கமாகப் பயனர் பெயரில் உள்ள ஃபோல்டருக்குள் போய் உட்காரும். இவள் பயனர் பெயர் தமிழில் இருந்தது. லேப்டாப் வாங்கிய அன்று, "உன் பேரைத் தமிழ்ல வைம்மா" என்று சொன்னதே நான்தான்!

ஸ்டுடியோவை அழித்தாலும் எஸ்டிகே ஃபோல்டர் அங்கேயே கிடக்கும். அதனால்தான் மூன்று முறை ஏற்றியும் பயன் இல்லை. செட்டிங்ஸில் பெயரை மாற்றினாலும் ஃபோல்டரின் பெயர் மாறாது. ஆகவே ஆங்கில எழுத்தில் புதிய பயனர் கணக்கு ஒன்று தொடங்கி, அதில் எல்லாவற்றையும் ஏற்றினோம். பிறகு ‘ஃப்ளட்டர் டாக்டர்’ கட்டளையைக் கொடுத்தாள். இரண்டு குறை சொன்னது. கமாண்ட்லைன் டூல்ஸ் இல்லை என்றது. எஸ்டிகே மேனேஜரில் ஒரு டிக் போட்டோம். லைசென்ஸ் ஏற்கவில்லை என்றது. அதற்கான கட்டளையையும் அதுவே சொன்னது. மாலை ஆறு மணிக்கு அவள் போனில் ஆப் திறந்தது. ஒரு வெள்ளைத் திரை, நடுவில் அப்பா பெயர். அவ்வளவுதான். அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

என் கருத்து இதுதான். பிழைச் செய்தி திட்டு அல்ல, தகவல். சூளையில் பொம்மை விரிசல் விட்டால் அவள் அப்பா மண்ணையா தூக்கி எறிகிறார்? ஈரம் காயவில்லையா, சூடு அவசரமாக ஏறியதா என்று விரிசலைப் பார்த்தே கண்டுபிடிக்கிறார். அதே கண்தான் இங்கேயும் வேண்டும். ஆனால் ஆங்கிலத்தில் சிவப்பாக வந்தாலே நம் பிள்ளைகள் "நமக்கு வராது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். கல்லூரி லேபில் எல்லாம் முன்பே ஏற்றி வைத்திருப்பதால், இந்த முதல் படியை அவளுக்கு யாருமே சொல்லித் தரவில்லை. பாடம் தொடங்கும் முன்பே ஒரு பிள்ளை தோற்றுப் போவது அவள் குற்றமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1991-இல் வந்த யூனிகோடு முதல் பதிப்பிலேயே தமிழ் இருக்கிறது. இத்தனை ஆண்டுக்குப் பிறகும் தன் பெயரைத் தமிழில் வைத்த பிள்ளைதான் கணக்கை மாற்ற வேண்டியிருக்கிறது. மென்பொருள் வேலையில் இருக்கும் என் மாணவர்களே, நீங்கள் செய்யும் கருவியை ஒரு முறையாவது தமிழ்ப் பெயருள்ள ஃபோல்டரில் வைத்து ஓட்டிப் பாருங்கள்.

ஊரிலிருந்து ஒரு பிள்ளை உதவி கேட்டால் வெறும் லிங்கை அனுப்பிவிட்டு ஒதுங்காதீர்கள். "முதல் சிவப்பு வரியைப் படிம்மா" என்று சொல்லி, அது படித்து முடிக்கும் வரை லைனில் இருங்கள். எனக்கு என் மாணவன் இருந்தான். அந்தப் பத்து நிமிடம் போதும்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்
கம்மாபுரம்