வில் நம்ம கையில... குரல் யாரோடது?

போன செமஸ்டர் கல்ச்சுரல்ஸ்ல நான் வயலின் சோலோ. லால்குடி ஜெயராமனோட ஒரு கீர்த்தனை ரெக்கார்டிங்கை மூணு மாசம் கேட்டு, நிறுத்துற இடம்கூட மாறாம அப்படியே வாசிச்சேன். செம கைதட்டல். பரிசு? ஊஹூம்! 'எல்லாம் சரியா இருந்துச்சு. ஆனா, இதுல நீ எங்கேம்மா?'னு கேட்டுட்டார் நடுவர். அழுகையே வந்துடுச்சு.

லீவுக்கு ஊருக்குக் கிளம்பினேன். கொல்லிமலையில வாழவந்தி நாடு. மலையேற 70 கொண்டை ஊசி வளைவு. அத்தனை வளைவுலயும் காதுல இயர்போன். டி.என்.கிருஷ்ணன், லால்குடி, எம்.எஸ்.கோபாலகிருஷ்ணன்னு மூணு பேரையும் மாத்தி மாத்திக் கேட்டேன். முறையே 1928, 1930, 1931-ல பிறந்தவங்க. மூணு பேருக்குமே அப்பாதான் குரு. சம்மணம் போட்டு, வயலின் தலையைப் பாதத்துல சாய்ச்சு வாசிக்கிற அதே முறை. அதே நாலு தந்தி. ஆனா, ஒரு நிமிஷம் கேட்டா போதும், யாருன்னு தெரிஞ்சுடும்!

கிருஷ்ணன்கிட்ட நீளமான வில், அலட்டலே இல்லாத சுத்தம். எம்.எஸ்.ஜி. ஒரே விரலைத் தந்தியில ஓட்டியே அசத்துவார், இந்துஸ்தானியும் கைவசம். லால்குடி? பாட்டுல வார்த்தை பிரியுற இடத்துலதான் அவரோட வில்லும் திரும்பும். அதனாலதான் அந்த வயலின் பாடுது.

அப்பதான் பல்பு எரிஞ்சுது. நான் காப்பியடிச்சது அவர் விரலை. பாட்டை ஒருதடவைகூட நான் பாடிப் பார்க்கலை! இத்தனைக்கும் இந்த மூணு பேரும் பல வருஷம் பாடகர்களுக்குப் பக்கவாத்தியம் வாசிச்சவங்க. அடுத்தவங்க குரலை நிழலாட்டம் தொடர்ந்தவங்களுக்கே சொந்தக் குரல் கிடைச்சிருக்கு. ஸோ, காப்பி தப்பில்லை பாஸ், அதோட நின்னுடறதுதான் தப்பு.

வீட்டுக்குப் பின்னாடி, மிளகுக்கொடி பக்கத்துல உட்கார்ந்து அதே கீர்த்தனையை வாய்விட்டுப் பாடினேன். சுருதி ஆடுச்சு. லால்குடி நிறுத்துற இடம் வர்றதுக்குள்ள எனக்கு மூச்சு தீர்ந்துபோச்சு. சரி, முந்தின வார்த்தையிலேயே நிறுத்தினேன். அப்புறம் வயலினை எடுத்து, அதே இடத்துல வில்லைத் திருப்பினேன். கொஞ்சம் கரகரப்புதான். ஆனா, முதல் தடவையா அது நான் பாடின மாதிரியே கேட்டுச்சு.

வயலின் வாசிக்கிற ஃப்ரெண்ட்ஸ்... லேப் ரெக்கார்டைப் பார்த்து எழுதுங்க, நான் கேட்க மாட்டேன். கீர்த்தனையை மட்டும் முதல்ல பாடிட்டு, அப்புறம் வில்லை எடுங்க. அடுத்த வருஷமும் அதே நடுவர் வரட்டும். 'இங்கேதான் சார் இருக்கேன்!'னு வாசிச்சுக் காட்டணும்.