திருத்தச் சீட்டு எங்கே?

பள்ளி, கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ‘அப்டேட்’ என்ற சொல் நாளுக்கு நாலு முறையாவது காதில் விழும். கைப்பேசியிலும் கணினியிலும் அவர்கள் ஆடும் விளையாட்டுகளை அவற்றை நடத்தும் நிறுவனங்கள் சில வாரங்களுக்கு ஒரு முறை மாற்றி அமைக்கின்றன. புதிய களம் வரும், புதிய ஆயுதம் வரும், பழைய ஆயுதத்தின் வலிமை கூடும் அல்லது குறையும். என்னென்ன மாறின என்று எழுதி வெளியிடும் பட்டியலுக்குப் ‘பேட்ச் நோட்ஸ்’ என்று பெயர். அந்தப் பட்டியல் தெளிவாக இருப்பதில்லை, சில சமயம் முக்கியமான மாற்றமே அதில் இருப்பதில்லை என்பது ஆடுகிறவர்களின் நெடுநாள் குறை. விளையாட்டுப் பிள்ளைகளின் குறைக்கெல்லாம் நம் சங்க இதழில் இரண்டு பக்கமா என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

பேட்ச் என்றால் ஒட்டு. கிழிந்த வேட்டிக்குப் போடுகிறோமே, அதே ஒட்டுதான். ஆரம்பகாலக் கணினிகளுக்குக் காகித நாடாவில் துளைகள் இட்டுக் கட்டளை கொடுத்தார்கள். தவறான துளை விழுந்தால் அதன்மேல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி மூடுவார்கள். சொல் அப்படி வந்தது. இதைப் படித்தபோது எனக்குப் பழைய சிநேகிதரைச் சந்தித்தது போலிருந்தது. ஏனென்றால் ரயில்வேயில் நாங்களும் ஒட்டிக்கொண்டுதான் இருந்தோம். பொது விதிகள் புத்தகத்திலோ, தண்டவாளப் பராமரிப்புக் கையேட்டிலோ ஒரு வரி மாறினாலும் எண்ணிட்ட திருத்தச் சீட்டு வரும். எந்தப் பத்தி, பழைய வாசகத்துக்குப் பதிலாக எந்த வாசகம், எந்தத் தேதியிலிருந்து அமல் என்று அதில் இருக்கும். கத்தரித்து உரிய பக்கத்தில் ஒட்ட வேண்டும். நாளடைவில் புத்தகம் ஒட்டுப்போட்டே தடித்துவிடும். மேலதிகாரி ஆய்வுக்கு வந்தால் புத்தகத்தைத்தான் முதலில் கேட்பார். ஒட்டாத சீட்டு ஒன்று உள்ளேயிருந்து கீழே விழுந்தால் அன்றைக்கு அர்ச்சனைதான்.

தண்டவாளத்தில் வேலை நடக்கும் இடத்துக்கு எச்சரிக்கை ஆணை என்று ஒன்று உண்டு. படிவம் டி/409. நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவே ஓரிடத்தில் ஜல்லியைச் சலித்துப் போடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கிலோமீட்டரிலிருந்து எந்தக் கிலோமீட்டர் வரை, எத்தனை வேகத்துக்கு மேல் போகக்கூடாது, என்ன காரணம் என்று மூன்றையும் எழுதி ரயில் ஓட்டுநரிடம் கொடுத்து நிலைய அதிகாரி கையெழுத்து வாங்குவார். இரண்டு பக்கத்து நிலையங்களும் செய்தியை ஏற்றுக்கொண்ட பிறகுதான் நாங்கள் பாதையில் கை வைப்போம். ‘வழியில் சில மேம்பாடுகள் செய்யப்பட்டுள்ளன, இனிய பயணம் அமைக’ என்று ஒரு சீட்டைக் கொடுத்திருந்தால் அந்த ஓட்டுநர் எங்களை என்ன கேட்டிருப்பார் என்பதை இங்கே அச்சில் போட முடியாது.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. வழியில் எந்தக் கட்டுப்பாடும் இல்லையென்றால் சும்மா அனுப்பிவிடுவதில்லை. ‘எச்சரிக்கை எதுவும் இல்லை’ என்று சொல்வதற்கே தனிப் படிவம் வைத்திருக்கிறார்கள், டி/ஏ 409 என்று. மாற்றம் இல்லை என்பதும் ஒரு செய்தி. அதைச் சொல்லவும் ஓர் ஆள் பொறுப்பேற்றுக் கையெழுத்திட வேண்டும்.

ரயில் தவறினால் உயிர் போகும், விளையாட்டில் என்ன போகும் என்ற கேள்வி நியாயமானது. பதிலைத் தென்கொரியாவிலிருந்து சொல்கிறேன்.

அங்கே நெக்சன் என்ற நிறுவனம் நடத்தும் ‘மேப்பிள்ஸ்டோரி’ என்ற விளையாட்டு மிகப் புகழ் பெற்றது. அதில் ‘கியூப்’ என்றொரு பொருளைக் காசு கொடுத்து வாங்கலாம். அதை உடைத்தால் நம்மிடமுள்ள ஆயுதத்துக்குப் புதிய குணங்கள் கிடைக்கும். என்ன கிடைக்கும் என்பது குலுக்கல். 2010-ஆம் ஆண்டு மே மாதம் இது அறிமுகமானபோது எல்லாக் குணங்களுக்கும் சமமான வாய்ப்பு இருந்தது. அதே ஆண்டு செப்டம்பரிலிருந்து, எல்லோரும் விரும்புகிற குணங்கள் கிடைக்கும் வாய்ப்பைச் சத்தமில்லாமல் குறைத்தார்கள். 2011 ஆகஸ்டிலிருந்து சில நல்ல சேர்க்கைகள் கிடைக்கவே கிடைக்காதபடி செய்தார்கள். வாய்ப்பு பூஜ்யம்! இல்லாத பரிசுக்குச் சீட்டு விற்றது போல. அதே மாதம் வெளியிட்ட அறிவிப்பில், கியூபின் செயல்பாட்டில் மாற்றம் எதுவும் இல்லை என்று எழுதினார்கள். ‘எச்சரிக்கை இல்லை’ என்ற படிவத்தில் பொய்க் கையெழுத்துப் போட்ட கதை இது.

சுமார் பத்து ஆண்டுகள் இப்படியே ஓடியது. வெளிவந்த விதம்தான் வேடிக்கை. 2021 பிப்ரவரியில் அதே விளையாட்டின் பேட்ச் நோட்ஸில், வேறொரு அம்சத்தைப் பற்றி, ‘இனி எல்லாக் குணங்களும் ஒரே அளவு வாய்ப்புடன் கிடைக்குமாறு திருத்தப்படுகிறது’ என்று ஒரு வரி வந்தது. ஆடுகிறவர்கள் சும்மா இருப்பார்களா? அப்படியானால் இத்தனை நாளும் எந்த அளவில் கொடுத்தீர்கள் என்று கேட்டார்கள். மின்பலகை கட்டிய லாரிகளை வாடகைக்கு எடுத்து நிறுவனத்தின் வாசலில் நிறுத்தினார்கள். மார்ச் மாதம் கணக்கு வெளியே வந்தது. 2024 ஜனவரியில் அந்நாட்டின் நியாய வர்த்தக ஆணையம் நெக்சனுக்கு ஏறத்தாழ 1,160 கோடி வொன் அபராதம் விதித்தது. நம் கணக்கில் 70 கோடி ரூபாய்க்கு மேல். இப்படிப்பட்ட குலுக்கல்களின் வாய்ப்பு அளவை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற சட்டம் 2024 மார்ச் 22 முதல் அங்கே நடைமுறைக்கு வந்தது.

ஆகவே போவது காசு. அதுவும் பெரும்பாலும் அப்பாவின் காசு.

காசு போகாத இடத்திலும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. தாயக்கட்டமோ பல்லாங்குழியோ ஆடும்போது விதி இருவர் மனத்திலும் இருக்கிறது. ஒருவர் பாதியில் மாற்றினால் மற்றவர் காயைக் கலைத்துவிட்டு எழுந்து போகலாம். இணைய விளையாட்டில் விதி நிறுவனத்தின் கணினிக்குள் இருக்கிறது. நாம் தூங்கும்போது அது மாறிவிடும், காலையில் பலகை அதே பலகை போலவே இருக்கும். விதியை ஒரு தரப்பு மட்டும் மாற்றலாம் என்றிருக்கும் இடத்தில், மாற்றியதைச் சொல்ல வேண்டிய கடமை இரட்டிப்பாகிறது. கிரிக்கெட்டைப் பாருங்கள். பந்து வீசுவதற்கு முன்பே கோட்டைவிட்டு வெளியேறும் எதிர்முனை ஆட்டக்காரரை ஆட்டமிழக்கச் செய்வது பற்றி, நம் அஸ்வின் 2019-இல் ஜாஸ் பட்லரை அவ்விதம் வெளியேற்றியபோது எவ்வளவு சர்ச்சை! அந்த விதியை ‘நியாயமற்ற ஆட்டம்’ என்ற 41-ஆம் விதியிலிருந்து எடுத்து ‘ரன் அவுட்’ என்ற 38-ஆம் விதிக்கு மாற்றினார்கள். எம்.சி.சி. அதை 2022 மார்ச்சில் அறிவித்து அக்டோபர் 1 முதல் அமல் என்றது. ஆறு மாதத்துக்கு மேல் அவகாசம், விதி எண்ணோடு.

என் பேரன் ஆடும் ஒரு விளையாட்டில் (பெயர் வேண்டாம்) பிறந்தநாளுக்குக் கிடைத்த பணத்தில் ஒரு பாத்திரத்தை வாங்கினான். வேகமாக ஓடுவதுதான் அந்தப் பாத்திரத்தின் சிறப்பு. அடுத்த அப்டேட்டில் ஓட்டம் மந்தமாகிவிட்டது என்று அவனுக்குச் சந்தேகம். குறிப்பிலோ ‘ஆட்டத்தின் சமநிலை மேம்படுத்தப்பட்டுள்ளது’ என்று ஒரே வரி. பையன் என்ன செய்தான் தெரியுமா? பழைய ஆட்டத்தின் வீடியோ பதிவையும் புதியதையும் அடுத்தடுத்து ஓடவிட்டு, ஒரு மதிலிலிருந்து பாலம் வரை எத்தனை நொடி என்று ஸ்டாப்வாட்ச் பிடித்தான். ஒரு முறை அல்ல, பத்து முறை. ஒன்பது நொடியில் கடந்த தூரத்துக்குப் பத்து நொடி ஆனது. “குறைச்சதுக்குக் கோபம் இல்லை தாத்தா. சொல்லாமக் குறைச்சாங்களே” என்றான். பாட்டி அவனைப் படிக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் அப்போது செய்ததும் படிப்புதான் என்பது என் கட்சி.

நன்றாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ‘லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ்’ என்ற விளையாட்டின் குறிப்புகளைப் பேரன் காட்டினான். பழைய எண், ஓர் அம்புக்குறி, புதிய எண், ஏன் மாற்றினோம் என்று இரண்டு வரி விளக்கம். எங்கள் திருத்தச் சீட்டிலே காரணம் எழுதும் வழக்கமில்லை, அந்த வகையில் இவர்கள் ஒரு படி மேல். நம் நாட்டில் பலர் ஆடும் பி.ஜி.எம்.ஐ. 2022 ஜூலையில் கைப்பேசிக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டு, 2023 மே மாதம் திரும்பி வந்தது. அப்போது 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நாளுக்கு 3 மணி நேரம், மற்றவர்களுக்கு 6 மணி நேரம் என்று வரம்பு சொன்னார்கள். மூன்று மணியே அதிகம் என்பது வேறு விஷயம். எண்ணாகச் சொன்னதால் பெற்றோருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி கிடைத்தது.

நிறுவனங்களின் பக்கமும் கேட்க வேண்டும். பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும்போது அதை முன்கூட்டி விவரித்தால் திருடனுக்கு வழி காட்டியதாகும். உண்மைதான், அடைத்து முடித்த பிறகு சொல்லட்டும். நூற்றுக்கணக்கான சிறு திருத்தங்களை எழுதினால் யார் படிப்பார்கள் என்கிறார்கள். படிக்கிறவன் படிப்பான், ஸ்டாப்வாட்ச் பிடிக்கிறவன் இதைப் படிக்க மாட்டானா? டெக்னோபார்க்கில் மென்பொருள் எழுதும் ஓர் இளைஞர் என்னிடம் உள்ளபடியே சொன்னார்: “சார், அந்தக் குறிப்பு எழுதுறது வெள்ளிக்கிழமை சாயந்திரத்துக் கடைசி வேலை.” நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் கழக்கூட்டத்தில் அந்த வேலையில்தான் இருக்கிறார்கள். அவர்களும் இதைப் படிக்க வேண்டுமென்பது என் ஆசை.

பெரியவர்களே, நமக்கும் இதில் பங்கு உண்டு. பணம் அனுப்பும் செயலியில் நேற்றுவரை இடப்பக்கம் இருந்த பொத்தான் இன்று வலப்பக்கம் போய்விடுகிறது. குறிப்பைத் திறந்தால் ‘பிழைகள் நீக்கப்பட்டுள்ளன, செயல்திறன் கூட்டப்பட்டுள்ளது’ என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. கொச்சுவேளி 2024-இல் திருவனந்தபுரம் வடக்கு என்றும், நேமம் திருவனந்தபுரம் தெற்கு என்றும் பெயர் மாறின. சொல்லாமல் பலகையை மட்டும் மாற்றியிருந்தால் நாகர்கோவிலிலிருந்து வரும் நம் உறவினர் எங்கே இறங்கியிருப்பார்?

பணம் கட்டி ஆடும் இணையச் சூதாட்டங்களை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றித் தடை செய்தது. இ-ஸ்போர்ட்ஸ் போட்டிகளுக்கும் சாதாரண விளையாட்டுகளுக்கும் அதே சட்டம் இடம் கொடுக்கிறது. அவற்றை ஒழுங்குபடுத்த விதிகள் எழுதுகிறவர்கள் இதையும் எழுதலாம்: காசு கொடுத்து வாங்கிய பொருளின் தன்மையை மாற்றினால் பழைய அளவு, புதிய அளவு, தேதி மூன்றையும் முன்னதாக வெளியிட வேண்டும். குலுக்கல் என்றால் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று போட வேண்டும். தமிழிலும் மலையாளத்திலும் போட்டால் உத்தமம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே பொருளின் தரம், அளவு, விலை பற்றி அறியும் உரிமையை வாங்குகிறவருக்குக் கொடுத்திருக்கிறது. சோப்புக்கட்டியின் எடையைச் சொல்லாமல் குறைத்தால் கேட்கிற நாம் இதையும் கேட்கலாம்.

கேட்க விரும்புகிறவர்களுக்கு ஒரு தகவல். தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் எண் 1915. தமிழிலேயே பேசலாம். பணம் கட்டிய ரசீதையும், அப்டேட் வந்த தேதியையும், அந்தக் குறிப்பின் நகலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அழையுங்கள். வீட்டில் ஸ்டாப்வாட்ச் பிடிக்கிற பிள்ளை இருந்தால் அவன் கணக்கையும் சேர்த்துக்கொள்ளலாம்.