டின்னைக் குலுக்கும் முன் வானத்தைப் பாருங்கள்

தீபாவளி நெருங்கினால் சுவருக்குச் சாயம் அடிக்கிறோம். அடித்து முடித்த மறுநாளே வீட்டிலுள்ள மற்ற பொருள்கள் கண்ணை உறுத்தத் தொடங்கும். துருவேறிய இரும்பு நாற்காலி, எண்ணெய்ப் பிசுக்கேறிய காற்றாடி, நிறம் வெளுத்த பூந்தொட்டித் தாங்கி, செருப்பு அடுக்கு. ஹார்ட்வேர் கடைக்குப் போய் ஒரு ஸ்ப்ரே டின் வாங்கி வந்தால் பத்து நிமிட வேலைதானே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

எங்கள் வீட்டில் ஓர் இரும்பு நாற்காலி இருக்கிறது. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்ட லயத்திலிருந்து தாமானுக்குக் குடிவந்தபோது லோரியில் ஏற்றி வந்த சில பொருள்களில் ஒன்று. அப்பா உட்கார்ந்த நாற்காலி. போன தீபாவளிக்கு முன்பு, வேலை முடிந்து வந்த ஒரு மாலை ஆறு மணிக்கு, மழை விட்ட கையோடு அஞ்சடியில் வைத்து அதற்குக் கறுப்புச் சாயம் அடித்தேன். அரை மணி நேரத்தில் கறுப்பின் மேல் பால் ஆடை படர்ந்ததுபோல் வெள்ளையாகப் பூத்துவிட்டது. மறைத்துவிடலாம் என்று மறுநாள் காலை அதன் மேலேயே தடிப்பாக இன்னொரு பூச்சு. இந்த முறை சாயம் யானைத் தோல்போல் சுருங்கிக்கொண்டது. இரண்டு டின், இரண்டு நாள் வீண். பிறகு முழுவதையும் சுரண்டி எடுக்க ஒரு வாரம்.

வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "மரம் சீவப் போறவ வானத்தப் பாக்காம வாளியத் தூக்குவாளா? நீ எதப் பாத்து டின்ன எடுத்த?"

முப்பது வருடம் பால்மரம் சீவியவர் கேட்ட கேள்வி அது. பட்டை நனைந்திருந்தால் பால் கோட்டில் ஓடாமல் மரத்தில் வழிந்து வீணாகும். அதனால் விடியுமுன்பே வானத்தைப் பார்ப்பார்கள். சாயமும் அப்படித்தான். வழுவழுப்பில் டின்னுக்கு உள்ள பங்கு கொஞ்சம்தான். அடிக்கும் நேரமும், அதற்கு முந்திய தேய்ப்பும், இடையிலே காத்திருப்பதும்தான் மீதி.

எந்த நேரம்?

ஊசி போடுமுன் தாதி கையில் ஸ்பிரிட் தடவினால் ஜில்லென்று இருக்கிறதல்லவா? ஸ்பிரிட் ஆவியாகும்போது தோலின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. ஸ்ப்ரே சாயத்தில் உள்ள கரைப்பானும் அதையேதான் செய்கிறது. அது வேகமாக ஆவியாகும்போது பொருளின் மேற்பரப்பு குளிர்ந்துவிடுகிறது. காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால், குளிர்பானப் புட்டியின் மேல் வியர்ப்பதுபோல் ஈரச் சாயத்தின் மேலும் நீர் படிகிறது. நான் பார்த்த வெள்ளைப் பூப்பு அதுதான்.

காற்றின் ஈரப்பதம் 85 விழுக்காட்டைத் தாண்டினால் அடிக்க வேண்டாம் என்று பல டின்களின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். நம் ஊரில் விடியற்காலையில் ஈரப்பதம் 90 விழுக்காட்டுக்கு மேல் போவது சாதாரணம். வெயில் ஏற ஏறத்தான் குறையும். தீபாவளி வரும் அக்டோபர், நவம்பர் மாதங்களோ பருவக்காற்று மாறும் காலம். தீபகற்பத்தின் மேற்குக் கரையில் பிற்பகலில் இடியோடு மழை கொட்டும் காலம். ஆகவே பத்து மணியிலிருந்து ஒரு மணி வரைதான் நமக்கு வாய்த்த நேரம். மரம் சீவுகிறவர் வீடு திரும்பும் நேரத்தில் நம் வேலை தொடங்க வேண்டும். கைப்பேசியில் வானிலையைப் பார்த்தாலே ஈரப்பதமும் காட்டும். கிழக்கே மலைப்பக்கம் கறுத்துவிட்டால் டின்னை மூடி வையுங்கள்.

வெயில் நல்லது என்று நேர் வெயிலிலும் வைக்கக் கூடாது. சூடேறிய இரும்பில் சாயம் பரவிச் சமன் ஆவதற்குள் காய்ந்து, மணல் தூவியதுபோல் சொரசொரப்பாகிவிடும். காற்றோட்டமுள்ள நிழலே சரியான இடம்.

முதலில் கழுவுங்கள், பிறகு தேயுங்கள்

சாயம் மேடுபள்ளத்தை மறைக்காது. பளபளப்பான சாயம் அதை எடுத்துக் காட்டும்.

முதல் வேலை கழுவுவது. பாத்திரம் கழுவும் சவர்க்காரமும் வெதுவெதுப்பான நீரும் போதும். தாளிப்புப் புகை படிந்த சமையலறைப் பொருள்களை இரண்டு முறை கழுவுங்கள். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்காமல் மணல் தாளால் தேய்த்தால் பிசுக்கு கீறல்களுக்குள் புகுந்துகொள்ளும். அப்புறம் சாயம் அங்கே ஒட்டாமல் விலகி, மீன்கண் போலச் சிறு வட்டக் குழிகள் விழும். மரச்சாமான்களுக்குப் போடும் பாலிஷும் இதே வேலையைச் செய்யும்.

அடுத்தது தேய்ப்பு. கடையில் கெர்தாஸ் பாசிர் என்று கேட்டால் தருவார்கள். தாளின் பின்புறத்தில் எண் இருக்கும். எண் கூடக் கூட மணல் மெல்லியதாகும். துருவை எடுக்க 80 அல்லது 120. பழைய சாயத்தைச் சமப்படுத்த 220. கடைசியாக 320 அல்லது 400. பழைய சாயம் உறுதியாக ஒட்டியிருந்தால் முழுவதையும் சுரண்டத் தேவையில்லை. மினுமினுப்புப் போகும் அளவு தேய்த்தால் போதும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பிய விளிம்பு விரலுக்குத் தப்பாது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. என் நாற்காலியைச் சுரண்டியபோது கறுப்புக்குக் கீழே பச்சை, அதற்குக் கீழே நீலம் என்று பழைய சாயங்கள் வந்தன. பிள்ளைகள் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலத்து எனாமல் சாயங்களில் ஈயம் கலப்பது வழக்கம் என்பது அப்போது என் நினைவுக்கு வரவில்லை. ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அது சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஆகவே தோட்டக் காலத்துப் பொருள்களை உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். நீரில் நனைத்துத் தேய்க்கும் மணல் தாள் தனியாகக் கிடைக்கிறது. தூசு பறக்காது. கீழே பழைய நாளிதழை விரித்து, விழும் கசடை அப்படியே மடித்துக் கட்டிப் போடுங்கள். போட்டிருந்த உடுப்பைத் தனியாகத் துவையுங்கள். பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வர வேண்டாம்.

தேய்த்த இரும்பு நன்றாக உலர்ந்ததும் அன்றே அடிப்பூச்சு அடித்துவிடுங்கள். நம் காற்றில் வெறும் இரும்பு ஓரிரவிலேயே மறுபடி துருவேறத் தொடங்கும். இரும்புக்குத் துரு தடுக்கும் அடிப்பூச்சும், பிளாஸ்டிக்குக்கு அதற்கென்றே உள்ள அடிப்பூச்சும் வாங்க வேண்டும். அழுத்திய தூள் பலகையில் செய்த அலமாரி என்றால் அதன் வெட்டு விளிம்புகள் சாயத்தை உறிஞ்சும். அங்கே அடிப்பூச்சை இரண்டு முறை கொடுங்கள். காய்ந்ததும் 400 தாளால் லேசாக நீவி, ஈரத் துணியால் தூசைத் துடைத்து உலர விடுங்கள்.

கை ஓட வேண்டும்

ஸ்ப்ரே சாயம் 1949-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தது. எட்வர்ட் சீமோர் என்ற சாய வியாபாரி தம்முடைய அலுமினியச் சாயத்தைக் காட்டுவதற்கு எளிய வழி தேடினார். அவர் மனைவி போனி, சாயத்தை ஏரோசல் டின்னில் அடைத்தால் என்ன என்று கேட்டார். அதற்கு முன்பு, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், மலேரியா கொசுவைக் கொல்லப் படைவீரர்களுக்குக் கொடுத்த மருந்து டின்னின் வழிமுறைதான் அது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் வாயு சாயத்தைத் தள்ளுகிறது. சாயத்தின் நிறப்பொடி அடியில் படிந்திருக்கும். அதைக் கலக்கத்தான் உள்ளே அந்தக் குண்டு. குண்டு ஓடும் சத்தம் கேட்கத் தொடங்கிய பிறகு முழுதாக இரண்டு நிமிடம் குலுக்குங்கள். நடுநடுவேயும் குலுக்குங்கள்.

முதலில் அட்டையில் அடித்துப் பாருங்கள். டின்னுக்கும் பொருளுக்கும் 25 செண்டிமீட்டர் இடைவெளி, கிட்டத்தட்ட ஒரு சாண், இருக்கட்டும். பொருளுக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, பொருளைக் கடந்து, மறுபக்கம் வெளியே போய் விரலை எடுங்கள். பொருளின் மேலேயே தொடங்கி நிறுத்தினால் அந்த இரண்டு இடத்திலும் சாயம் குவியும். மணிக்கட்டை விசிறிபோல் ஆட்டாமல் முழுக் கையையும் நேராக ஓட்டுங்கள். ஒவ்வோர் ஓட்டமும் முந்தியதன் பாதியை மூடட்டும்.

முதல் பூச்சில் அடிநிறம் தெரிய வேண்டும். தெரிவது தவறில்லை. இங்கேதான் பலர் பொறுமை இழக்கிறோம். ஒரே பூச்சில் மூடப் பார்த்தால் சாயம் கண்ணீர்போல் வடியும். மூன்று அல்லது நான்கு மெல்லிய பூச்சுகள், ஒவ்வொன்றுக்கும் இடையே பத்துப் பதினைந்து நிமிடம் என்பதுதான் கணக்கு.

அடுத்த பூச்சு எப்போது என்பதை டின்னில் படியுங்கள். பல எனாமல் ஸ்ப்ரேக்களில் ஒரு மணி நேரத்துக்குள், அல்லது 24 முதல் 48 மணி நேரம் கழித்து என்று போட்டிருக்கும். இடைப்பட்ட நேரத்தில் மேல்தோல் மட்டும் காய்ந்து அடி மெதுவாக இருக்கும். அப்போது அடித்தால் புதுக் கரைப்பான் உள்ளே இறங்கி மேல்தோலைத் தூக்கிச் சுருக்கிவிடும். என் யானைத் தோலுக்குக் காரணம் அதுதான்.

கெட்டுப் போனால்

வடிந்துவிட்டால் விரலால் துடைக்காதீர்கள். இரண்டு நாள் காய விட்டு, 400 தாளால் சமப்படுத்தி மேலே மெல்லிதாக அடியுங்கள். ஆரஞ்சுத் தோல்போல் புள்ளி புள்ளியாக இருந்தால், நன்றாகக் காய்ந்த பிறகு 600 தாளை நீரில் நனைத்துத் தேய்த்து மறு பூச்சு கொடுங்கள். லேசான வெள்ளைப் பூப்பு என்றால் காற்று உலர்ந்த நாளில், டின் சொல்லும் இடைவெளியைக் கடைப்பிடித்து, ஒரு மெல்லிய பூச்சு அடித்தாலே பெரும்பாலும் மறையும். சுருங்கிப் போனதற்கு மட்டும் குறுக்கு வழி இல்லை. சுரண்டத்தான் வேண்டும்.

வேலை முடிந்ததும் டின்னைத் தலைகீழாகப் பிடித்து, வெறும் வாயு வரும்வரை அழுத்துங்கள். மூக்கு அடைக்காது. அடைத்த மூக்குதான் அடுத்த முறை சாயத்தைத் துப்பும்.

சாயம் வேண்டாத இடங்கள்

சோறு, குழம்பு படும் எந்தப் பாத்திரத்துக்கும் வேண்டாம். அடுப்புக்கும் எரிவாயுத் தோம்புக்கும் வேண்டாம். பாட்டியின் பித்தளைக் குத்துவிளக்குக்குத் தங்க நிறம் அடிக்கவே வேண்டாம். புளியும் சாம்பலும் செய்யும் வேலையை எந்த டின்னும் செய்யாது. காற்றாடி என்றால் மின்சாரத்தை அடைத்து இறக்கைகளைக் கழற்றி, எது எந்த இடம் என்று எண் போட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே அளவாக அடியுங்கள். ஓர் இறக்கையில் மட்டும் சாயம் கூடினால் காற்றாடி ஆடும்.

டின்னுக்குள் இருக்கும் வாயு தீப்பற்றக் கூடியது. சாமி விளக்கு, ஊதுவத்தி, கொசுவத்தி, சிகரெட் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. வெயிலில் நிற்கும் காருக்குள் டின்னை வைக்காதீர்கள். கதவை அடைத்துக்கொண்டு அறைக்குள் அடிக்காதீர்கள். சாதாரண முகக்கவசம் கரைப்பான் ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரி வடிப்பான் பொருத்திய கவசம் ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும். தாமான் வீடுகளில் இன்னொன்றும் உண்டு. சாயத் துளி காற்றில் மிதந்து போய்ப் பக்கத்து வீட்டுக்காரர் காரில் உட்காரும். பெரிய அட்டைப் பெட்டி ஒன்றைப் பக்கவாட்டில் சாய்த்து, அதற்குள் வைத்து அடித்தால் உறவு கெடாது.

நாளை எண்ணுங்கள்

தொட்டால் ஒட்டாமல் இருக்க அரை மணி நேரம் போதும். ஆனால் சாயம் உள்வரை இறுக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதற்குள் உட்கார்ந்தால் துணியின் நூல் தடம் பதியும். ஆகவே தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னதாக வரும் சனிக்கிழமை கழுவித் தேய்த்து அடிப்பூச்சு. ஞாயிறு காலை பத்து மணிக்கு நிறம். பிறகு கை வைக்காமல் இருப்பது.

இந்த ஆண்டு அப்படித்தான் செய்தேன். வெயில் ஏறும்வரை காத்திருந்து, நான்கு மெல்லிய பூச்சுகள். நாற்காலி அஞ்சடியில் நிற்கிறது. மூன்றாம் நாள் அம்மா வந்து கைப்பிடியை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"இப்போ உக்காரலாமா?" என்றார்.

"இன்னும் நாலு நாள் போகட்டும்மா" என்றேன்.