கம்பளிக்கு வீட்டுச் சாயம்: மயில்துத்தம் வேண்டாம்

கேள்வி: செம்மறியாட்டு முடிக்கு மளிகைக் கடைப் பொருள்களைக் கொண்டு வீட்டிலேயே சாயம் ஏற்றலாமா? பச்சை நிறம் வர மயில்துத்தம் சேர்க்கச் சொல்கிறார்களே, சரியா?
– வாசகி, பூந்தமல்லி.

பதில்: கம்பளிக்கு ஏற்றலாம். ஆனால், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துக்கு உரிய மெட்ராஸ் சிவப்பு இனம் இறைச்சிக்கான ஆடு. அதன் குட்டை முடி நூற்க உதவாது. மென்மையான கம்பளி தருவது நீலகிரி இனம். கோயமுத்தூர் இனத்தில் கிடைப்பது முரட்டுக் கம்பளி. எனவே, சாயமிடாத வெள்ளைக் கம்பளி நூலை வாங்கிச் செய்வதே நல்லது. வாங்கும்போது ஓர் இழையைக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் வாடை வந்து, சாம்பல் கையில் பொடிந்தால் கம்பளி. உருகிக் கெட்டியானால் அக்ரிலிக். அதில் இந்தச் சாயங்கள் சரியாகப் பிடிக்காது.

செய்முறை (100 கிராம் நூலுக்கு):

1. பூந்திக்கொட்டை கரைத்த வெதுவெதுப்பான நீரில் நூலை ஊறவைத்து அலசவும். கசக்கக் கூடாது.

2. எவர்சில்வர் பாத்திரத்தில் நூல் மூழ்கும் அளவு நீர் ஊற்றி, 10 முதல் 15 கிராம் படிகாரத்தைக் கரைக்கவும். ஈர நூலை அதில் போட்டு, கொதிக்க விடாமல் இளஞ்சூட்டில் ஒரு மணி நேரம் வைத்து, அப்படியே ஆறவிடவும். சாயத்தைப் பிடித்து நிறுத்துவது படிகாரம்தான்.

3. 100 கிராம் காய்ந்த வெங்காயத் தோலை ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து வடிகட்டவும். சாறு ஆறியதும் நூலைப் போட்டு, மெதுவாகச் சூடேற்றி மேலும் ஒரு மணி நேரம் வைக்கவும். மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த நிறம் வரும்.

சூட்டிலிருந்து எடுத்த நூலை உடனே குளிர்ந்த நீரில் போட்டால் சுருங்கித் திரண்டுவிடும். ஆறிய பிறகு அலசி, நிழலில் உலர்த்தவும்.

மாதுளைத் தோல் மங்கிய மஞ்சள் தரும். தேயிலைத் தூள் பழுப்பு தரும். மஞ்சள் தூள் பளிச்சென்று பிடித்தாலும் வெயிலில் விரைவில் வெளுக்கும், பீட்ரூட்டும் நிலைக்காது. விற்பதற்குச் செய்தால், நூலின் பாதியை அட்டையால் மூடி ஒரு வாரம் வெயிலில் வைத்துப் பாருங்கள். இரு பாதிகளிலும் நிறம் ஒன்றாக இருந்தால் மட்டும் விற்கலாம்.

இனி மயில்துத்தம். அது தாமிர உப்பு. அதைச் சேர்த்தால் பச்சை சாயல் வரும் என்பது உண்மைதான். ஆனால், மற்ற கால்நடைகளைவிடச் செம்மறியாடு தாமிரத்தைத் தாங்காது. சாய நீரைக் கொட்டிய இடத்தில் மேய்ந்தாலோ, அந்த நீரைக் குடித்தாலோ, தாமிரம் ஈரலில் சிறுகச் சிறுகச் சேரும். வெளியே ஒன்றும் தெரியாது. பிறகு திடீரென்று மஞ்சள் காமாலை கண்டு, சிறுநீர் செந்நிறமாகி ஆடு இறந்துபோகும். ஆடு வளர்க்கும் வீட்டில் இந்தச் சாயத்துக்கு அதைத் தொடவே வேண்டாம்.

பச்சைக்கு வேறு வழி உண்டு. துருப்பிடித்த ஆணிகளைச் சில நாள் வினிகரில் ஊறவைத்து, அந்த நீரில் ஒரு தேக்கரண்டியை வெங்காயத் தோல் சாற்றில் கலந்தால் பாசிப் பச்சை சாயல் கிடைக்கும். அதிகமானால் நூல் சொரசொரப்பாகும்.

சாயப் பாத்திரத்தைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது. மீதமான நீரைக் கிணறு, குட்டை, ஆட்டுத் தொட்டி ஆகியவற்றிலிருந்து தள்ளிக் கொட்டவும்.