கொடுப்பது யாருடையது?



அத்திபெலேயில் வசிக்கும் சகோதரி ஒருவர் சில காலத்திற்கு முன் கலக்கத்தோடு என்னிடம் வந்தார். "ஐயா, மகன் பைதான் மாநாட்டுக்குப் போகிறேன் என்கிறான். பாம்புக்குமா மாநாடு நடத்துகிறார்கள்?" என்று கேட்டார்.

பைதான் என்பது கணினிக்குக் கட்டளைகளை எழுதும் ஒரு மொழி. கீடோ வான் ராஸம் என்பவர் 1991-ஆம் ஆண்டில் அதை வெளியிட்டார். அதன் பெயரும் பாம்பினால் உண்டானதன்று. பிரிட்டனின் நகைச்சுவைத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றின் பெயரிலிருந்து எடுக்கப்பட்டது. அம்மொழியில் எழுதுவோரின் மாநாடாகிய 'பைகான் இந்தியா', முதன்முதலாக 2009 செப்டம்பரில் நமது பெங்களூரின் இந்திய அறிவியல் கழகத்தில் கூடியது. இதைக் கேட்டபின் அந்தத் தாயின் முகம் தெளிந்தது.

மாநாட்டிலிருந்து அந்த வாலிபன் புதியதொரு வாஞ்சையோடு திரும்பினான். ஒரு பெரிய கணக்கைச் சிறு துண்டுகளாகப் பிரித்துப் பலருடைய கணினிகளுக்கு அனுப்பி, அவை ஓய்ந்திருக்கும் நேரத்தில் விடை காணும் முறை ஒன்று உண்டு. 2000 அக்டோபரில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் விஜய் பாண்டே தொடங்கிய 'ஃபோல்டிங் அட் ஹோம்' இவ்வகையைச் சேர்ந்தது. உடலிலுள்ள புரதங்கள் மடியும் விதத்தை அது ஆராய்கிறது. 2020-இல் கொரோனா காலத்தில் திரளானோர் தங்கள் கணினிகளை இணைத்தபோது, அதன் கூட்டு வேகம் அன்றைய உலகின் முதல்நிலை சூப்பர் கம்ப்யூட்டரையும் மிஞ்சிற்று.

இத்தகைய திட்டத்தை யாரும் தொடங்குவதற்கென்றே 'போயிங்க்' என்னும் இலவச மென்பொருளை பெர்க்லி பல்கலைக்கழகத்தார் உருவாக்கினர். ஒரே துண்டை இரு கணினிகளுக்கு அனுப்பி, இரு விடைகளும் ஒத்திருந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளும் வழக்கம் அதில் உண்டு. இரண்டு சாட்சிகளைத் தேடும் முறை கணினிக்கும் தேவைப்படுகிறது!

பெரிய பகா எண்களைத் தேடும் திட்டமொன்றை நண்பர்களோடு தொடங்க அவன் விரும்பினான். "ஐயா, எங்கள் அலுவலகத்தில் நூறு கணினிகள் இரவெல்லாம் சும்மா இருக்கின்றன. அவற்றில் இதை ஓட்டினால் யாருக்கு நஷ்டம்?" என்றான்.

நாங்கள் கணக்கிட்டுப் பார்த்தோம். ஒரு கணினி 50 வாட் கூடுதலாக இழுத்தால், பத்து மணி நேரத்தில் அரை யூனிட். நூறு கணினிகளுக்கு ஓரிரவில் 50 யூனிட். கட்டணம் செலுத்துகிறவர் முதலாளி.

அமெரிக்காவின் ஜார்ஜியாவில் கல்லூரி ஊழியர் ஒருவர் அனுமதியின்றிக் கல்லூரிக் கணினிகளில் இத்தகைய மென்பொருளை நிறுவினார். 2002-இல் முடிந்த அவ்வழக்கில் 2,100 டாலர் இழப்பீடும், 80 மணி நேரச் சமூக சேவையும், ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் அவருக்கு விதிக்கப்பட்டன. அவர் பணம் எதையும் எடுக்கவில்லை. தமக்குச் சொந்தமில்லாததைக் கொடுத்தார்.

அவ்வாலிபன் மேலாளரிடம் கேட்டான்; அனுமதி கிடைக்கவில்லை. ஆகவே தன் மடிக்கணினியிலும் இரு நண்பர்களின் கணினிகளிலும் தொடங்கினான். அவன் குடியிருக்கும் வாடகை வீட்டில் இரு குடும்பங்களுக்கும் ஒரே மீட்டர். மேல்வீட்டாரிடமும் சொல்லி, கூடுதல் தொகையைத் தானே செலுத்துகிறான்.

பெற்றோரே, பிள்ளைகளின் வேலையில் புரியாத பெயர் வந்தால் பயப்படாமல் விசாரியுங்கள். வாலிபரே, நற்காரியத்திற்காயினும், அலுவலகத்தின் கணினி, மின்சாரம், இணையம் ஆகியவற்றைத் தொடுமுன் கேளுங்கள். மூன்று கணினிகளோடு தொடங்குவது வெட்கமன்று.