இணையவழிக் கற்றலில் மாணவர் ஈடுபாடு: நன்னூல் பொதுப்பாயிரம் வழி ஒரு கருத்துரை

ஆய்வுச் சுருக்கம்

இணையவழி வகுப்புகளில் மாணவர் ஈடுபாடு குன்றுவதற்குக் கருவிக் குறைபாடும் மாணவரின் ஆர்வமின்மையும் காரணங்களாகக் கூறப்படுகின்றன. இவற்றினும் அடிப்படையான காரணம், ஆசிரியர் உரைப்பதையே முழுப் பாடமாகக் கொள்ளும் வகுப்பமைப்பாகும். நன்னூல் பொதுப்பாயிரம் கூறும் பாடங்கேட்டல் முறையைத் துணையாகக் கொண்டு, தமிழ்த்துறைகளின் இணையவழி வகுப்பை மாற்றியமைக்க வேண்டிய தேவையை இக்கருத்துரை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: இணையவழிக் கல்வி, மாணவர் ஈடுபாடு, நன்னூல், பாடங்கேட்டல், உரைமரபு, அகமதிப்பீடு

முன்னுரை

2020 மார்ச்சில் பெருந்தொற்றால் கல்லூரிகள் மூடப்பட்டபோது, இணையவழி வகுப்பு ஒரு தற்காலிக ஏற்பாடாகவே பெரும்பாலான தமிழ்த்துறைகளுக்குள் நுழைந்தது. இன்று அது நிலைபெற்று வருகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு விதிமுறைகள், ஒரு பருவத்தின் பாடங்களில் 20 விழுக்காடு வரை ஸ்வயம் தளத்தின் வழியே பயில இடமளித்தன. 2021ஆம் ஆண்டு விதிமுறைகள் அதனை 40 விழுக்காடாக உயர்த்தின. எனவே, இணையவழியில் தமிழ் கற்பிக்கலாமா என்னும் வினா பழையதாகிவிட்டது. அவ்வழியில் பயிலும் மாணவர் உண்மையில் கற்கிறாரா என்பதே இன்றைய வினா.

ஈடுபாட்டை அளக்கும் கோல்கள்

வகுப்பில் இணைந்திருந்த நேரம், ஒளிப்படக்கருவியைத் திறந்து வைத்திருத்தல், வகுப்பின் முடிவில் நடத்தப்படும் கொள்குறி வினாத்தேர்வு ஆகியவையே ஈடுபாட்டின் அடையாளங்களாகப் பெரிதும் கொள்ளப்படுகின்றன. இவை மாணவரின் இருப்பைக் காட்டுமேயன்றிக் கற்றலைக் காட்டா. அன்றியும், முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் மாணவருக்கு இவை அநீதியாகவும் அமைகின்றன. தேசிய மாதிரி ஆய்வின் 75ஆம் சுற்று (2017-18), இந்திய ஊரகக் குடும்பங்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினருக்கும் நகர்ப்புறக் குடும்பங்களில் 42 விழுக்காட்டினருக்குமே இணைய வசதி இருந்ததைக் காட்டியது. 2021இன் தொடக்கத்தில் தமிழக அரசு 9 இலட்சத்துக்கும் மேற்பட்ட கல்லூரி மாணவருக்கு நாள்தோறும் 2 ஜிபி தரவு கிடைக்கும்படி இலவச அட்டைகளை வழங்க முன்வந்தது இக்குறையை உணர்ந்தே ஆகும். ஆயினும் தரவு கிடைத்த மாணவருக்குத் தனியறை கிடைத்துவிடுவதில்லை. குடும்பத்தினர் அனைவரும் புழங்கும் ஒற்றை அறையில் அமர்ந்து பாடங்கேட்கும் மாணவி ஒளிப்படக்கருவியை மூடி வைப்பதை ஈடுபாட்டுக் குறைவு எனக் கொள்வது பிழை.

நன்னூல் காட்டும் பங்கீடு

பாடங்கேட்டலின் வரலாற்றை விளக்கும் நன்னூலார், ஆசிரியர் உரைத்ததைச் செம்மையாக உள்வாங்கிக்கொண்டாலும் மாணாக்கர் பெறுவது புலமையின் காற்பங்கே என்கிறார். உடன் பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கும், தாம் கற்றதைப் பிறருக்கு விரித்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்புகின்றன. இப்பங்கீட்டை அளவுகோலாகக் கொண்டால் இன்றைய இணையவழி வகுப்பின் குறை தெளிவாகும். அது முதற் காற்பங்கை மட்டும் திரையில் ஏற்றி, எஞ்சிய முக்காற்பங்கைக் கைவிட்டுள்ளது. நேர்முக வகுப்பில் அந்த முக்காற்பங்கு விடுதியிலும் நூலகத்திலும் மரத்தடியிலும் ஆசிரியரின் திட்டமின்றியே ஓரளவு நிகழ்ந்து வந்தது. இணையவெளியில் அது தானாக நிகழாது. திட்டமிட்டு உருவாக்கப்பட வேண்டும்.

அதே பாயிரம், ஒருமுறைக்கு இருமுறை கேட்பவர் நூலில் பெரிதும் பிழைபடார் என்றும், மும்முறை கேட்பவர் முறையறிந்து உரைக்க வல்லவர் ஆவார் என்றும் கூறுகிறது. இவ்வகையில் இணையவழி, நேர்முக வகுப்பினும் மேலானது. பதிவுசெய்த பாடத்தை மாணவர் வேண்டியபோது வேண்டிய முறை கேட்கலாம். குறைந்த தரவில் இறங்கும் ஒலிப்பதிவாக அதனை வழங்கினால் வசதி குறைந்த மாணவருக்கும் இப்பயன் எட்டும்.

தொலைநிலைக் கல்வி ஆய்வாளர் மைக்கேல் மூர் 1989இல், கற்பவர் பாடப்பொருளோடும் ஆசிரியரோடும் பிற கற்பவரோடும் கொள்ளும் மூவகை ஊடாட்டங்களை வகுத்துரைத்தார். நன்னூலார் இணையவழிக் கல்வியை முன்னறிந்தார் என இவ்வொப்புமையைக் கொண்டு பெருமை பேசுதல் ஆய்வாகாது. எடுத்துரைக்கும் பொறுப்பைக் கற்பவரிடமே ஒப்படைத்து, அதற்குப் புலமையின் பாதியை ஒதுக்கிய அவர்தம் அழுத்தமே இங்குக் கொள்ளத்தக்கது.

வகுப்பறைக்கான ஒரு வடிவம்

தமிழ்த்துறைகளிடம் இதற்கேற்ற வளம் ஏற்கெனவே உள்ளது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்திற்கு இளம்பூரணர், சேனாவரையர், நச்சினார்க்கினியர், தெய்வச்சிலையார், கல்லாடர் ஆகியோர் உரைகள் கிடைக்கின்றன. ஐவர் கொண்ட குழுவில் ஒருவருக்கு ஓருரை எனப் பகிர்ந்தளித்து, ஒரு நூற்பாவிற்குத் தம் உரையாசிரியர் கூறும் பொருளை மூன்று நிமிட ஒலிப்பதிவாகக் குழுவினருக்கு விளக்கச் செய்யலாம். பின்னர் உரைகள் வேறுபடும் இடங்களைக் குழுவே தொகுத்து எழுதலாம். ஒருவர் விளக்காவிடின் ஓருரை விடுபடும். குழுவின் ஒப்பீடு முற்றுப்பெறாது. இங்கு மாணவரை ஈடுபடுத்துவது கண்காணிப்பன்று, தம் பங்கு பிறருக்குத் தேவைப்படுகிறது என்னும் உணர்வே. குழு ஒரு பருவம் முழுவதும் மாறாதிருப்பின், பெரிய வகுப்பில் பேசத் தயங்கும் மாணவரும் நால்வர் முன் பேசப் பழகுவர்.

நேரலை வகுப்பு, குழுக்கள் தீர்க்க இயலாத ஐயங்களுக்கு மட்டும் ஒதுக்கப்பட வேண்டும். அகமதிப்பீட்டு மதிப்பெண்ணில் பாதியேனும் விளக்கியுரைத்தலுக்கு அளிக்கப்பட வேண்டும். மதிப்பெண் பெறாத செயலை மாணவர் பொருட்படுத்துவதில்லை என்பது ஆசிரியர் அனைவரும் அறிந்ததே.

எதிர்வாதமும் விடையும்

ஆசிரியரின் பணிச்சுமை இதனால் பெருகும் என்னும் மறுப்பு புறந்தள்ளத்தக்கதன்று. 60 மாணவர் கொண்ட வகுப்பில் 12 குழுக்கள் அமையும். ஒரு சுற்று ஒலிப்பதிவுகளைக் கேட்கவே மூன்று மணிநேரம் ஆகும். ஆசிரியர் ஒரு சுற்றில் மூன்று குழுக்களை மட்டும் முழுமையாகக் கேட்டு, பிறவற்றின் தொகுப்புரைகளை மட்டும் படித்தால் நான்கு சுற்றுகளில் அனைவரையும் கேட்டுவிடலாம். ஆயினும் அந்நேரம் கற்பித்தல் நேரமாகப் பணிக்கணக்கில் ஏற்கப்பட வேண்டும். ஒரு மணிநேரம் திரையில் பேசுவதைப் பணியாகவும், ஒரு மணிநேரம் மாணவரைக் கேட்பதைத் தனிப்பட்ட தொண்டாகவும் கருதும் நிறுவனம் மாணவரின் ஈடுபாட்டை எதிர்பார்க்க இயலாது.

முடிவுரை

மாணவரின் கவனத்தைத் திரையில் எவ்வாறு நிறுத்துவது என்று வினவும்வரை விடை கண்காணிப்பாகவே அமையும். மாணவர் எதனை யாருக்கு விளக்கப்போகிறார் என்று வினவினால் பாடத்திட்டமும் மதிப்பீடும் பணிக்கணக்கும் மாறியாக வேண்டும். விதிமுறைகள் இணையவழிக்குத் திறந்துள்ள 40 விழுக்காட்டிற்குள் எவ்வகைக் கல்வியை நிரப்புவது என்பதைத் தமிழ்த்துறைகளின் பாடத்திட்டக் குழுக்களே தீர்மானிக்க இயலும். காற்பங்கை முழுமையாகக் காட்டும் பட்டங்களை வழங்குவதினும், அரைப்பங்கை மாணவர் கையில் ஒப்படைக்கும் துணிவு அக்குழுக்களுக்கு வேண்டும்.