பச்சையெல்லாம் காடாகுமா?

பினாங்கின் புக்கிட் ஜம்புல் மலைச்சரிவில் 18 குழிகள் கொண்ட கோல்ஃப் திடல் உள்ளது. மலையும் பசும்புல்லும் ஆட்டக்காரர்களின் மனத்தைக் கவர்கின்றன. எனினும், புல்தரை காட்டுக்கு ஈடாகாது. புல்லுக்கு மிகுதியான நீரும் உரமும் தேவை. காடோ மழைநீரைத் தேக்கி, மண்சரிவைத் தடுக்கிறது. பாலிக் பூலாவ் கரையிலுள்ள சதுப்புநிலக் காடு அலையின் வேகத்தைத் தணிக்கிறது, மீன்குஞ்சுகளுக்குப் புகலிடமாகிறது.

1990இல் கொடிமலையில் கோல்ஃப் திடலை உள்ளடக்கிய மேம்பாட்டுத் திட்டம் முன்மொழியப்பட்டது. பொதுமக்கள் எதிர்த்தனர், திட்டம் கைவிடப்பட்டது. அந்த மலை முதல் கடலோரத் தேசியப் பூங்கா வரையிலான பகுதி 2021இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமானது.

விளையாட்டு உடலுக்கு நலம் தரும் என்பது உண்மையே. அதற்கு இருக்கும் திடல்களே போதும். அழிந்த காடு மீண்டும் வளரத் தலைமுறைகள் ஆகும். ஆகவே, புதிய திடலுக்காகக் காட்டையும் சதுப்புநிலத்தையும் அழிக்கக்கூடாது.